தொரோங் லா நாள்: "இனி ஒரு அடி வைக்க முடியாது" என்று தோன்றினால் என்ன செய்வது?

ஏழாம்மலை | ஆகஸ்ட் 11, இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசியில் நேபாளத்தில் அன்னபூர்ணா சுற்றுப்பாதை போகிறேன். நான், கல்லூரி நண்பன் ஒருவன், உள்ளூர் கைடு ஒருவர். பெசிசஹாரிலிருந்து சாமே வரைக்கும் ஜீப், அதற்குப் பிறகு நடைதான்.

மற்ற நாட்களைப் பற்றிப் பயமில்லை. தொரோங் லா கணவாயைக் கடக்கிற அந்த ஒரு நாள்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. உயரம் 5,416 மீட்டர். விடியுமுன் இருட்டில் கிளம்பி, கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏறி, அந்தப் பக்கம் முக்திநாத்துக்கு 1,600 மீட்டர் இறங்க வேண்டும் என்கிறார்கள். எல்லாம் ஒரே நாளில்.

பயத்துக்குக் காரணம் உண்டு. மார்ச்சில் பயிற்சிக்காக வெள்ளியங்கிரி ஏறினேன். ஐந்து மலை ஜோராகப் போனேன். ஆறாவதில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கால்வலிகூட இல்லை. "எதுக்கு இதெல்லாம்?" என்று நெஞ்சு அடைத்து அழுகை வந்துவிட்டது. எழுபது வயது இருக்கும், ஒரு பெரியவர் மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு வெறுங்காலோடு என்னைத் தாண்டிப் போனார். என்னைப் பார்த்து "எந்திரி சாமி" என்று மட்டும் சொன்னார். எழுந்து போனேன். ஏழாவது மலையை எப்படி ஏறினேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

தொரோங் லாவில் அந்தப் பெரியவர் வரமாட்டார். அந்த மாதிரி நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்? "மன உறுதி வேண்டும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கையில் பிடித்துக்கொள்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 11, இரவு 10:15

முப்பது அடி. நின்று பத்து மூச்சு. மறுபடி முப்பது அடி. ஐயாயிரம் மீட்டர் தாண்டியதும் அது இருபது அடியானது, கடைசியில் பன்னிரண்டு. இவ்வளவுதான் நான் செய்தது.

முக்கியமாக, தலையைத் தூக்கி உச்சியைத் தேடாதீர்கள். அங்கே பொய் உச்சிகள் நிறைய. "இதோ வந்துவிட்டது" என்று ஒரு மேட்டில் ஏறினால் பின்னால் இன்னொரு மேடு நிற்கும். நான்கைந்து தடவை அப்படி ஏமாந்தால் மனசு விட்டுப்போகும். முன்னால் போகிறவரின் ஷூ குதிகாலைப் பார்த்துக்கொண்டே எண்ணுங்கள்.

நடைவண்டி | ஆகஸ்ட் 12, காலை 6:50

தம்பி, உங்கள் கேள்விக்கு என் கதையைச் சொல்வதுதான் பதில். கொஞ்சம் நீளும்.

நான் போனது 2019 அக்டோபரில். அப்போது வயது 46. சர்க்கரை கிடையாது, தொப்பை உண்டு. முந்தின இரவு தங்கியது தொரோங் பேதியில். பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நேபாளியில் பேதி என்றால் அடிவாரம். உயரம் சுமார் 4,450 மீட்டர். அங்கே தூக்கம் என்பது பேச்சுக்குத்தான். கண் அசந்தால் மூச்சு நின்றதுபோல் ஆகி, திடுக்கென்று விழித்துக்கொள்வேன். செத்துப்போகப் போகிறேன் என்றே நினைத்தேன். அந்த உயரத்தில் பலருக்கும் அப்படி ஆகும் என்று பிறகுதான் தெரிந்தது.

நாலு மணிக்குக் கிளம்பினோம். எடுத்த எடுப்பிலேயே செங்குத்தான ஏற்றம், மேலே உள்ள அடுத்த தங்குமிடமான ஹை கேம்ப் வரை வளைந்து வளைந்து போகிறது. மேலே பார்த்தால் ஹெட்லாம்ப் வெளிச்சம் வரிசையாக, கார்த்திகைக்குத் திண்ணையில் அகல் வைத்த மாதிரி. அழகுதான். ஆனால் அந்தக் கடைசி அகல் அவ்வளவு உயரத்தில் இருக்கிறதே என்று வயிற்றைக் கலக்கியது.

முதல் அடி தண்ணீரில் விழுந்தது. முதுகுப்பையிலிருந்து குழாய் வழியாக உறிஞ்சிக் குடிக்கிற பை வைத்திருந்தேன். அரை மணியில் குழாய் உறைந்து குச்சியாகிவிட்டது. பையில் இரண்டு லிட்டர் இருந்தும் ஒரு சொட்டு வரவில்லை. இரண்டாவது அடி சாப்பாடு. காலையில் திபெத்திய ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு, குமட்டுகிறது என்று மீதியை வைத்துவிட்டேன். மேலே சாப்பிடலாம் என்று வாங்கிய சாக்லேட் குளிரில் செங்கல்லாகிவிட்டது. கடித்தால் பல்தான் போகும்.

ஹை கேம்ப் தாண்டி ஒரு மணி நேரம் போல நடந்திருப்போம். பாதையோரக் கல்லில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். உங்கள் ஆறாவது மலை மாதிரியேதான். எங்கும் வலி இல்லை, ஆனால் எழுந்திருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. வீட்டில் இந்நேரம் குக்கர் விசில் அடிக்கும், காபி வாசனை வரும் என்று நினைத்தேன். கண்ணீர் கன்னத்திலேயே சில்லென்று நின்றது.

கைடு தம்பி இருபத்து மூன்று வயதுப் பையன். அவன் தைரியமெல்லாம் சொல்லவில்லை. குந்தி உட்கார்ந்து, மூன்றே கேள்வி கேட்டான். தலை வலிக்கிறதா? இல்லை. வாந்தி வந்ததா? இல்லை. சரி, எழுந்து பனியில் ஒரு கோடு போட்டால் அதன்மேல் நடப்பீர்களா? கைத்தடியால் ஒரு கோடு இழுத்தான். ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியில் ஒட்டி ஒட்டி வைத்துப் பத்தடி நடந்து காட்டினேன், சின்ன வயதில் பாண்டி ஆடின மாதிரி. தள்ளாடவில்லை.

"தாய், இது வியாதி இல்லை. பசி" என்றான். (தாய் என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்.) பிறகு என் உள்சட்டைப் பையில் கையை விட்டான். அங்கே கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒரு பொட்டலம் இருப்பது அவனுக்குத் தெரியும், மூன்று நாளாக அவனுக்கும் கொடுத்துக்கொண்டுதானே வந்தேன். உடம்புச் சூட்டில் அது கடிக்கிற பதத்திலேயே இருந்தது. இரண்டு துண்டு தின்றேன். அவன் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் கொடுத்தான். என் கேமராவை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். கால் மணி நேரத்தில் நான் வேறு ஆள். மந்திரம் ஒன்றுமில்லை, வண்டியில் பெட்ரோல் இல்லாமல் தள்ளிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஒன்பதேகாலுக்குக் கணவாய். காற்றில் பிரார்த்தனைக் கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. ஒரு டீக்கடையும் உண்டு. விலையைக் கேட்காதீர்கள், குடியுங்கள்.

உண்மையான சோதனை அதற்கப்புறம்தான். கணவாயைத் தாண்டியதும் எல்லாம் முடிந்தது என்று மனசு கடையைச் சாத்திவிடுகிறது. முட்டிக்கு அது தெரியாது. 1,600 மீட்டர் இறக்கம், சரளைக்கல். மூன்றாவது மணி நேரத்தில் பின்பக்கமாகத் திரும்பி இறங்கலாமா என்றுகூடப் பார்த்தேன். அதனால் தம்பி, பயத்தில் பாதியை இறக்கத்துக்கு எடுத்து வையுங்கள். முதல்நாள் ராத்திரி கால்நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இறங்க ஆரம்பிக்குமுன் ஷூ லேஸைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் விரல் போய் முன்னால் இடித்துக்கொண்டே இருக்கும்.

முக்திநாத் கோயில் மதில் தெரிந்தபோது மணி இரண்டரை. வாசலில் பத்துப் பதினைந்து மாமிகள், ஸ்ரீரங்கத்திலிருந்து யாத்திரை வந்தவர்கள். போகராவிலிருந்து ஜீப்பில் வந்திருக்கிறார்கள். "எந்தப் பக்கமா வந்தேள்?" என்று ஒரு மாமி கேட்டார். மலையைக் காட்டினேன். "அங்கே ரோடு இருக்கா?" என்றார். இல்லை என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, டப்பாவைத் திறந்து புளியோதரையை இலைபோல ஒரு காகிதத்தில் வைத்தார். வாழ்நாளில் அப்படி ஒரு புளியோதரை சாப்பிட்டதில்லை.

ஸ்டெத் | ஆகஸ்ட் 12, மதியம் 1:20

நடைவண்டி அண்ணா, அருமை. ஆனால் குறுக்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நான் மருத்துவத் துறையில் இருப்பவள், இமயமலைப் பக்கம் நான்கு முறை போயிருக்கிறேன்.

இந்த இழையில் எல்லோரும் "எப்படித் தாக்குப்பிடிப்பது" என்று பேசுகிறோம். அதற்கு முந்தின கேள்வி, தாக்குப்பிடிக்கலாமா கூடாதா என்பது. அண்ணனின் கைடு தம்பி செய்தது அதைத்தான். அவன் முதலில் அதை விசாரித்துவிட்டுத்தான் கடலைமிட்டாயை எடுத்தான்.

5,400 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். களைப்பு, பசி, பயம், குளிர் எல்லாவற்றையும் சமாளித்து நடக்கலாம். உயர நோயைச் சமாளித்து நடக்க முடியாது. தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி சேர்ந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ஈரமான இருமல் வந்தாலோ நுரையீரலில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால் மூளை வீங்குகிறது. இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது, அதுவும் உடனே, இரவென்றாலும் சரி.

இன்னொன்று. பலவீனமானவர்கள் சீக்கிரம் வாயைத் திறந்து சொல்லிவிடுவார்கள், பிழைத்துக்கொள்வார்கள். மன உறுதிக்காரர்கள்தான் தலைவலியை மறைத்துக்கொண்டு ஏறுவார்கள். எனக்குப் பயம் அவர்களைப் பார்த்தால்தான்.

தம்பிக்கு: 3,000 மீட்டர் தாண்டிய பிறகு, தூங்குகிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள். இப்போது மனாங் வரைக்கும் ஜீப் போகிறது. ஒரே நாளில் 3,500 மீட்டருக்குப் போய் இறங்கிவிடலாம் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. சாமேயிலிருந்து நடப்பது நல்ல முடிவு. மனாங்கில் இரண்டு இரவு தங்குங்கள். சீசனில் அங்கே இமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ மையம் உண்டு. மதியம் உயர நோய் பற்றி விளக்கம் சொல்வார்கள், போய் உட்காருங்கள். உயர நோய்க்கான டயாமாக்ஸ் மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். விரல்நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்பட வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை மட்டும் கூடாது. மதுவும்தான்.

பாதிவழி | ஆகஸ்ட் 12, மாலை 7:05

நான் ஹை கேம்ப்பிலிருந்து திரும்பியவன். அதையும் யாராவது எழுத வேண்டும் இல்லையா.

ஒரு ட்ரெக்கிங் நிறுவனம் ஒன்பது நாள் திட்டம் போட்டுக் கொடுத்தது. விலை குறைவு, லீவும் மிச்சம், நாங்களும் தலையாட்டினோம். ஓய்வு நாள் என்று ஒன்றைக் காட்டியிருந்தார்கள், வழியில் அதையும் சுருக்கிவிட்டார்கள். பேதியிலேயே எனக்கு மண்டை விண்விண் என்று தெறித்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து பேரில் ஒருவனால் எல்லோரும் நிற்கக்கூடாது என்று ஒரு வீறாப்பு. ஹை கேம்ப்பில் சூப் குடித்தேன், அப்படியே வெளியே வந்தது. அப்போதுதான் கைடு என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். முந்நூறு நானூறு மீட்டர் இறங்கியதுமே யாரோ தலையிலிருந்து இரும்பு வளையத்தைக் கழற்றினதுபோல் இருந்தது. அவ்வளவு சீக்கிரம் போனதில் எனக்கே வெட்கம், நடித்தேனோ என்று.

மற்ற நான்கு பேரும் கணவாயில் எடுத்த போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் மனாங்கில் தனியாகத் தால் பாத் (பருப்பும் சோறும்) சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்தும் மூன்று வாரம் அந்தக் குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. அடுத்த வருஷம் தனியாகப் போனேன், பனி கொட்டி வழி அடைத்துவிட்டார்கள். அந்த மலைக்கும் எனக்கும் ஜாதகம் பொருந்தவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை பார்க்கலாம்.

நடைவண்டி | ஆகஸ்ட் 12, இரவு 8:30

டாக்டரம்மா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். அந்த உயரத்தில் லேசாகத் தலை வலிக்காதவர் யார்? ஒவ்வொரு வலிக்கும் இறங்கினால் ஒருத்தரும் கணவாயைப் பார்க்க மாட்டார்களே?

ஸ்டெத் | ஆகஸ்ட் 12, இரவு 9:10

இறங்கச் சொல்லவில்லை, ஏறாமல் இருக்கச் சொன்னேன். உட்காருங்கள், அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள், ஏதாவது தின்னுங்கள், ஒரு பாராசிட்டமால் போடுங்கள். தலைவலி ஓடிப்போய்ப் பசியும் எடுத்தால் அது தண்ணீர் குறைந்த வலி, மெதுவாக நடக்கலாம். போகவில்லையென்றால் அன்று அதே உயரத்தில் தூக்கம். கூடினால் இறக்கம். இதற்காகத்தான் கையில் ஒரு உபரி நாள் வேண்டும் என்பது. அந்த நாள் இருப்பவர் நிதானமாக யோசிப்பார். இல்லாதவர், "ஃப்ளைட் போய்விடுமே" என்று ஏறுவார். பாதிவழி அவர்களுக்கு நடந்தது அதுதான்.

மேட்டுத்தெரு | ஆகஸ்ட் 13, காலை 10:40

வானிலை பற்றி யாரும் பேசவில்லையே. 2014 அக்டோபர் 12 அன்று ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது நினைவிருக்கும். அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து, 14ஆம் தேதி தொரோங் லா பக்கம் பனிப்புயலாகக் கொட்டியது. அந்த வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மலையேற வந்தவர்கள், கைடுகள், போர்ட்டர்கள், உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் அதில் உண்டு. அதுவும் சீசன் உச்சத்தில், வானம் பளிச்சென்று இருக்க வேண்டிய மாதத்தில்.

அதனால் அக்டோபரில் போகிறவர்கள் நேபாள வானிலையோடு வங்காள விரிகுடாவையும் பாருங்கள். இங்கே துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால், நீங்கள் மனாங்கில் சீட்டாடிக்கொண்டு இருங்கள். விடியுமுன் கிளம்புவதும் வீறாப்புக்காக அல்ல. பத்து மணிக்கு மேல் கணவாயில் காற்று ஆளைத் தள்ளும்.

சும்மா_வந்தேன் | ஆகஸ்ட் 13, காலை 11:02

"நேற்று ராத்திரி முழுக்கப் பேதியில் இருந்தேன்" என்று வீட்டுக்கு மெசேஜ் அனுப்பி, அம்மா ஓ.ஆர்.எஸ். குடி என்று பதறியது என் அனுபவம்.

கொள்ளிடக்கரை | ஆகஸ்ட் 13, மதியம் 3:15

மாமிகளைப் பற்றி எழுதியதால் சொல்கிறேன். முக்திநாத்தை நம்மவர்கள் திருச்சாளக்கிராமம் என்று 108 திவ்யதேசங்களில் ஒன்றாகக் கொள்கிறார்கள். திருமங்கையாழ்வார் பாடிய தலம். கோயிலுக்குப் பின்னால் அரைவட்டமாக 108 தாரைகள், மாட்டுமுக வடிவில். எங்கள் பாட்டி 74 வயதில் அத்தனைக்கும் தலையைக் கொடுத்துக்கொண்டே ஓடினாள். பனிக்கட்டித் தண்ணீர். நான் பதினொன்றாவது தாரையில் வெளியே வந்துவிட்டேன். கணவாய் கடந்து வருகிறவர்கள் களைப்பில் கோயிலைத் தாண்டி நேரே ராணிபவ்வா லாட்ஜுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். மறுநாள் காலையாவது திரும்பி ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள், இருபது நிமிஷம்தான்.

ஏழாம்மலை | ஆகஸ்ட் 13, இரவு 10:30

எல்லோருக்கும் நன்றி. திட்டத்தில் இரண்டு நாள் கூட்டிவிட்டேன். ஆபீசில் லீவு கேட்டதுதான் தொரோங் லாவைவிடக் கஷ்டம். தண்ணீருக்குக் குழாய்ப் பை வேண்டாம், பாட்டில்தானே?

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 13, இரவு 10:48

பாட்டில்தான். வாய் அகலமானது. தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள், உறைவது மேலேயிருந்துதான் தொடங்கும், மூடி திறக்க வரும். போன், பவர் பேங்க் இரண்டையும் ராத்திரி தூங்கும் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாம்மலை | நவம்பர் 16, மாலை 6:20

போய்வந்தேன். நான் உடைந்துபோனது தொரோங் லாவில் இல்லை.

மேல் பிசாங்கிலிருந்து கியாரு கிராமத்துக்கு ஏறுகிற இடம். பச்சை ஏரியைத் தாண்டியதும் சுவர்போல ஒரு ஏற்றம், நானூறு மீட்டர் போல வரும். அதைப் பற்றி யாரும் பயமுறுத்தவில்லை, அதனால் நானும் தயாராக இல்லை. காலையில் வெறும் டீயும் இரண்டு பிஸ்கட்டும். தூறல் வேறு. பாதி ஏற்றத்தில் உட்கார்ந்தேன், வெள்ளியங்கிரி அழுகை அப்படியே வந்தது. அங்கேயே கோடு போட்டு நடந்து பார்த்தேன், கைடு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கடலைமிட்டாய், முப்பது அடி, பத்து மூச்சு. கியாருவில் ஒரு தீதி (அக்கா) கொடுத்த உருளைக்கிழங்கை உப்பு தொட்டுத் தின்றபோது, ஜன்னலுக்கு நேர் எதிரே அன்னபூர்ணா 2 மேகம் விலகி நின்றது. சரி, வந்ததற்கு இதுவே போதும் என்றிருந்தது.

ஹை கேம்ப்பில் நண்பனுக்குத் தலைவலி. மறைக்கப் பார்த்தான். டிபன் தட்டைத் தள்ளி வைத்ததில் மாட்டிக்கொண்டான். டாக்டரம்மா சொன்னபடி தண்ணீர், மாத்திரை, அரை மணி. போகவில்லை. பேதிக்கு இறங்கினோம். முணுமுணுத்துக்கொண்டே வந்தவன், மறுநாள் முழுக்கத் தூங்கி எழுந்து இரண்டு தட்டு தால் பாத் காலி செய்தான். அதற்கு அடுத்த நாள் கணவாய். கஷ்டம்தான், ஆனால் வேலை செய்கிற மாதிரியான கஷ்டம். எண்ணினேன், நின்றேன், எண்ணினேன். எட்டேமுக்காலுக்குக் கொடிகள் தெரிந்தன. நண்பன் என்னைப் பார்த்து "எந்திரி சாமி" என்றான், நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

இறக்கத்துக்கு லேஸை இறுக்க மறந்துவிட்டேன். நகமும் வெட்டவில்லை. வலது கால் பெருவிரல் நகம் கறுத்துப்போய்விட்டது, அசைத்தால் ஆடுகிறது. விழுந்துவிடுமா?

நடைவண்டி | நவம்பர் 16, மாலை 6:41

விழும். பிடுங்காதீர்கள், அதுவாக விழட்டும். எனக்கு டிசம்பரில் விழுந்தது, முழுசாக வளர அடுத்த வருஷம் ஆகிவிட்டது. சாக்ஸ் போடும்போது மட்டும் நூலில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதிவழி | நவம்பர் 16, இரவு 7:15

அந்தக் கைடின் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் தம்பி. ஏப்ரலில் போகலாமா என்று பார்க்கிறேன்.